கீழே நிற்பவர் எதற்குக் கை காட்டுகிறார்?

கோலாலம்பூரை அடுத்த பூச்சோங்கில் எல்.டி.பி. நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் மாட்டாதவர்கள் குறைவு. ஐ.ஓ.ஐ. மால் பக்கம் வண்டி நகராமல் நிற்கும்போது கண் தானாக மேலே போகும். எங்காவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். அதன் தலைக்கு மேல் ஒரு டவர் கிரேன், அதன் உச்சியில் சிறு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஒருவர். கீழே ஒளிரும் மேலங்கி போட்ட இன்னொருவர் ஆட்காட்டி விரலை வானத்தை நோக்கி நீட்டி, காற்றில் சின்னதாக வட்டம் போட்டுக்கொண்டிருப்பார்.

மேலே இருப்பவருக்குத்தான் வட்டாரம் முழுவதும் தெரியுமே! விசையும் அவர் கையில்தான் இருக்கிறது. பிறகு கீழே நிற்பவர் எதற்கு? போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி ஒழுங்குக்காக நிற்கிறாரா? மேற்பார்வைக்கு ஆள் வேண்டும் என்று சட்டம் சொல்வதால் நிற்கிறாரா?

இந்தக் கேள்விக்குப் பாதி விடை கண்ணில் இருக்கிறது. மீதி விடை கயிற்றில் இருக்கிறது. கண்ணைப் பற்றிய பாதியைப் பலரும் ஊகித்துவிடுவார்கள். கயிற்றைப் பற்றியது பல ஆண்டு சைட்டில் வேலை பார்த்தவர்களிலேயே சிலருக்குத் தெரியாது.

மேலே ஏறினால் எல்லாம் தெரியுமா?

இருபது மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து தெருவைப் பாருங்கள். எந்த வண்டி எந்தப் பாதையில் போகிறது, யார் எந்தக் கடைக்குள் நுழைகிறார் என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் தரைக்கு ஒரு முழம் மேலே ஒரு பெட்டி தொங்கினால், அது தொங்குகிறதா, தரையில் உட்கார்ந்துவிட்டதா என்று சொல்ல முடியாது. நிழலை வைத்து ஊகிக்கலாம். மேகம் மூடினால் அதுவும் போய்விடும்.

நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இடக்கண் பார்ப்பதும் வலக்கண் பார்ப்பதும் சற்றே வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கொண்டுதான் ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. ஊசியில் நூல் கோக்கும் தூரத்தில் இந்தக் கணக்கு அபாரமாக வேலை செய்யும். தூரம் கூடக்கூட வேறுபாடு சுருங்குகிறது. அறுபது மீட்டருக்கு அப்பால் இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று மற்றதைவிட ஓரிரு மீட்டர் முன்னே இருந்தாலும், இந்த முறையால் மட்டும் நல்ல கண்ணுக்கும் அது பிடிபடாது.

டவர் கிரேன் ஓட்டுநர் பார்ப்பது ஏறக்குறைய நேர் கீழே. அவர் பார்வையில் 'தள்ளி இருப்பது' என்பதும் 'கீழே இருப்பது' என்பதும் ஒன்றுதான். சுமை தரையைத் தொட இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிய வேண்டியது. அவருடைய கண்ணால் சரியாகச் சொல்ல முடியாததும் அது ஒன்றைத்தான். தரையில் பத்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆளுக்கோ, சுமைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இருக்கிறதா, நான்கு விரல் இருக்கிறதா என்பது பக்கவாட்டில் பளிச்சென்று தெரியும்.

இது போதாதென்று, பல தூக்கல்களில் சுமை கட்டடத்தின் மறுபக்கத்திலோ மின்தூக்கிக் குழிக்குள்ளோ இறங்க வேண்டியிருக்கும். அப்போது ஓட்டுநருக்கு எதுவுமே தெரியாது. சைட்டில் இதை 'பிளைண்ட் லிஃப்ட்' என்பார்கள். நாம் 'மறைவுத் தூக்கல்' என்று வைத்துக்கொள்வோம். இப்போது கொக்கிக்குப் பக்கத்தில் கேமரா பொருத்திய கிரேன்களும் வந்துவிட்டன, நல்லதுதான். ஆனால் கேமராவும் மேலிருந்து கீழே பார்க்கிற இன்னொரு கண் மட்டுமே.

இரண்டு டன் உத்தரமும் இரண்டு பெல்ட்டும்

இனி கயிற்றுக்கு வருவோம். சுமையைக் கட்டிக் கொக்கியில் மாட்டுபவரை ரிக்கர் என்பார்கள். சைட்டுக்குப் புதிதாக வந்த பையன் அவரிடம் இப்படிக் கேட்பான்:

"அண்ணே, ஒவ்வொரு பெல்ட்டுலயும் ரெண்டு டன்னுன்னு எழுதியிருக்கு. ரெண்டு போட்டா நாலு டன். உத்தரம் ரெண்டு டன்தானே? அப்புறம் ஏன் நீளமான பெல்ட்டைத் தேடிக்கிட்டு நிக்கிறீங்க?"

கணக்கில் கெட்டிக்காரப் பையன். அவன் சொன்னதில் ஒரு இடத்தில்தான் பிசகு. அது எங்கே என்று பார்ப்போம்.

முதலில் உத்தரத்தின் எடை. கட்டுமான சைட்டில் தராசு இருக்காது, எடையைக் கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும். நம் உத்தரம் 4 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் உயரம். மூன்றையும் பெருக்கினால் 0.8 கன மீட்டர். கம்பி போட்ட கான்கிரீட் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 டன் எடை இருக்கும். ஆக உத்தரம் 1.92 டன். இரண்டு டன் என்றே வைத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் தூக்குவதற்கென்று கம்பி வளையம் பதித்திருக்கிறார்கள். அவற்றுக்கு இடையே 4 மீட்டர்.

இரண்டு பெல்ட்டும் செங்குத்தாக மேலே போனால் ஆளுக்கு ஒரு டன். பையன் நினைத்தது இந்தக் காட்சியைத்தான். ஆனால் கிரேனுக்கு ஒரே கொக்கிதான். இரு முனைகளிலிருந்தும் பெல்ட்டுகள் சாய்ந்து மேலே வந்து அந்த ஒரே கொக்கியில் சேர வேண்டும்.

நான்கு மீட்டர் நீளமுள்ள பெல்ட்டுகளைப் போடுவோம். உத்தரமும் இரண்டு பெல்ட்டுகளும் சேர்ந்து மூன்று பக்கமும் சமமான முக்கோணம் ஆகும். உத்தரத்துக்கும் பெல்ட்டுக்கும் இடையே கோணம் 60 பாகை. இப்போது ஒவ்வொரு பெல்ட்டிலும் இருக்கும் இழுவிசை, அதாவது பெல்ட்டை அறுக்கப் பார்க்கும் விசை, 1.15 டன். பெரிதாக ஒன்றும் கூடவில்லை.

பெல்ட்டைச் சற்றுக் குறைத்து 2.83 மீட்டர் ஆக்கினால் கோணம் 45 பாகை. இழுவிசை 1.41 டன்.

இன்னும் குறைத்து 2.31 மீட்டர். கோணம் 30 பாகை. இழுவிசை ஒவ்வொன்றிலும் 2 டன். உத்தரத்தின் மொத்த எடையையும் ஒவ்வொரு பெல்ட்டும் தனித்தனியே சுமப்பது போல! இரண்டு பெல்ட் போட்டதால் கிடைத்த லாபம் இங்கேயே தீர்ந்துவிட்டது.

கிடங்கில் வேறு பெல்ட் இல்லை என்று 2.07 மீட்டர் பெல்ட்டை மாட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். கோணம் 15 பாகை. ஒவ்வொரு பெல்ட்டிலும் 3.86 டன். இரண்டு டன் உத்தரத்தைத் தூக்க இரண்டு பெல்ட்டும் சேர்ந்து ஏறக்குறைய 7.7 டன் இழுவிசையில் முறுகி நிற்கின்றன.

எங்கிருந்து வந்தது இந்தக் கூடுதல்? உத்தரத்தின் எடை கூடவில்லை. பெல்ட்டால் தன் நீளத்தின் திசையில் மட்டுமே இழுக்க முடியும். சாய்ந்திருக்கும் பெல்ட்டின் இழுப்பில் ஒரு பங்குதான் மேல்நோக்கி வேலை செய்கிறது. மீதிப் பங்கு உள்நோக்கிப் போகிறது. இடப்பக்கப் பெல்ட் வலப்பக்கமாக இழுக்கிறது, வலப்பக்கப் பெல்ட் இடப்பக்கமாக இழுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வீணாகின்றன. சாய்வு படுக்கப் படுக்க, மேலே தூக்கும் பங்கு சிறுத்து, வீண்சண்டைப் பங்கு பெருக்கும். வீட்டுக் கொல்லையில் துணிக்கொடி கட்டியவர்களுக்கு இது புரியும். கொடியைத் தொய்வில்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்டி ஒரு ஈரச் சாரத்தைப் போட்டால் ஆணி பெயர்ந்து வரும். கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டினால் அதே கொடி நான்கு சாரத்தைத் தாங்கும்.

கோணமானி இல்லாமலே கணக்குப் போட ஒரு வழி உண்டு. பெல்ட்டின் நீளத்தை, உத்தரத்திலிருந்து கொக்கி வரையிலான செங்குத்து உயரத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்ணைச் சுமையின் பாதியால் பெருக்கினால் இழுவிசை கிடைக்கும். நம் மூன்றாவது உதாரணத்தில் பெல்ட் 2.31 மீட்டர், உயரம் 1.155 மீட்டர். வகுத்தால் 2. சுமையில் பாதி 1 டன். ஆக 2 டன். இதையும் போட நேரமில்லை என்றால் பழைய ரிக்கர்களின் வழி இருக்கிறது: மாட்டும் இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, பெல்ட் அதற்குக் குறையக் கூடாது. அப்படி வைத்தால் கோணம் 60 பாகைக்குக் கீழே போகவே போகாது. 30 பாகைக்குக் கீழே தூக்க வேண்டாம் என்பது பெரும்பாலான கையேடுகளின் எல்லை.

பெல்ட் தயாரிப்பாளர்களின் அட்டவணையைப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலர் கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து அளப்பார்கள், நாம் இங்கே செய்தது போல. சிலர் செங்குத்திலிருந்து அளப்பார்கள். இன்னும் சிலர் இரண்டு பெல்ட்டுக்கும் நடுவே உள்ள கோணத்தைச் சொல்வார்கள். நம்முடைய 30 பாகை, அடுத்த அட்டவணையில் 60 ஆகவும் அதற்கடுத்ததில் 120 ஆகவும் இருக்கும். மூன்று வகை அட்டவணைகளும் ஒரே கிடங்கில் புழங்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விஷயம்.

உள்நோக்கிப் போகும் அந்த வீண் விசை உண்மையில் வீணாகவும் போவதில்லை. 15 பாகையில் அது 3.7 டன்னுக்கு மேல். உத்தரத்தில் பதித்த வளையம் நேராக மேலே இழுக்கப்படுவதற்காகச் செய்தது. பக்கவாட்டில் இவ்வளவு இழுத்தால் வளையம் வளையும், அதைச் சுற்றியுள்ள கான்கிரீட் பெயரும். மெல்லிய இரும்புச் சட்டமாக இருந்தால் நடுவில் வில்லாக வளைந்துவிடும்.

திரையில் தெரியாத எண்

இன்றைய கிரேன் கூண்டுக்குள் ஒரு திரை இருக்கும். கொக்கியில் எவ்வளவு எடை தொங்குகிறது, கிரேனின் கை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது, தாங்கும் எல்லையில் எத்தனை விழுக்காட்டைத் தொட்டுவிட்டது என்பதையெல்லாம் காட்டும். எல்லை தாண்டினால் அலறும், விசையையும் துண்டிக்கும்.

நம் உத்தரத்தை 60 பாகையில் தூக்கும்போது திரை என்ன காட்டும்? உத்தரம் 2 டன், கூடவே கொக்கியும் பெல்ட்டும். 15 பாகையில் தூக்கும்போது? அதே எண்தான். மேல்நோக்கிய விசைகளின் கூட்டுத்தொகை மாறவே இல்லை. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் பக்கவாட்டு விசைகள் கொக்கியிலேயே கழிந்துவிடுகின்றன, கிரேன் வரை வந்து சேர்வதில்லை. பெல்ட்டில் 3.86 டன் இருப்பது பல லட்சம் ரிங்கிட் பெறுமான அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. கூண்டில் இருப்பவருக்கும் தெரியாது. அதைப் பார்க்கக்கூடிய ஒரே கருவி தரையில் நிற்கும் ஆளின் கண்தான்.

சரி, 2 டன் பெல்ட்டில் 3.86 டன் ஏற்றினால் அறுந்துவிடுமா? அறாது. வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. இந்த வகை நாடா பெல்ட்டுகளை எழுதிய எடையைப் போல் ஏழு மடங்கு தாங்கும்படி செய்கிறார்கள். சங்கிலிக்கு நான்கு மடங்கு, இரும்புக் கயிற்றுக்கு ஐந்து மடங்கு. புது 2 டன் பெல்ட் அறுவதற்கு 14 டன் வேண்டும். ஆகவே அந்த உத்தரம் பத்திரமாக மேலே போய் உட்காரும். சூப்பர்வைசர் 'பார்த்தியா, ஒண்ணும் ஆகல' என்பார். மறுநாளும் அதே பெல்ட், அதே கோணம்.

ஏழு மடங்கு என்பது மறந்தவர்களுக்கான சலுகை இல்லை. அது ஏற்கெனவே பங்கு போட்டுத் தீர்ந்த சொத்து. வெயில் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், சிமெண்டுத் தூள் இழைகளுக்குள் புகுந்து அறுத்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கான்கிரீட்டின் கூரான விளிம்பு ஒன்று பெல்ட்டைப் பாதி அகலத்துக்கு வெட்டிவிட்டது என்று வையுங்கள். 14 டன் ஏறக்குறைய 7 டன் ஆகிவிட்டது. இப்போது தொய்ந்து கிடக்கும் பெல்ட்டை ஓட்டுநர் வெடுக்கென்று மேலே இழுக்கிறார். திடீரென்று ஏறும் சுமை, மெல்ல ஏறும் அதே சுமையைப் போல் இரண்டு மடங்கு இழுவிசையைக் கணநேரத்துக்கு உண்டாக்கும். அது இயற்பியலின் பழைய விதி. 3.86 இரண்டு மடங்கானால் 7.7. பெல்ட்டில் மிச்சமிருப்பது 7.

ஒருவர் குட்டை பெல்ட்டை எடுத்தார், ஒருவர் விளிம்புக்கு மெத்தை வைக்க மறந்தார், ஒருவர் அவசரமாகத் தூக்கினார். மூவரில் யாரும் அன்று பெரிய தப்பு எதையும் செய்யவில்லை.

பச்சை, மஞ்சள், சிவப்பு

ஐரோப்பியத் தரப்படி செய்த நாடா பெல்ட்டுகளுக்கு நிறமே அடையாளம். ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, பழுப்பு 6, நீலம் 8, ஆரஞ்சு 10. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும் ஏற்பாடு, ஆனால் நம் வெயிலில் பழுப்பும் சிவப்பும் சில மாதங்களில் ஒன்றுபோல் வெளுத்துவிடும். அதனால் இறுதிச் சொல் பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டுக்குத்தான். சீட்டுக் கிழிந்த பெல்ட்டை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், ஒதுக்கிவிட வேண்டும். சுமையைச் சுற்றிச் சுருக்குப் போட்டுத் தூக்கினால் எழுதிய எடையில் எண்பது விழுக்காடுதான் கணக்கு.

கால் ஊன்றும் மண்

கயிற்றைப் போலவே கீழே நிற்பவர் பார்க்க வேண்டிய இன்னொன்று மண். '50 டன் கிரேன்' என்றால் 50 டன் தூக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தூக்கும்தான், தன் காலடியிலிருந்து மூன்று மீட்டர் அளவுக்குள் இருந்தால். அதே கிரேன் 30 மீட்டர் கையை நீட்டினால் ஓரிரு டன்னோடு நின்றுவிடும். எடையையும் தூரத்தையும் பெருக்கி வரும் அளவைத் தமிழ்ப் பாடநூல்கள் திருப்புத்திறன் என்கின்றன. கிரேனைக் கவிழ்ப்பது எடை மட்டும் இல்லை, இந்தத் திருப்புத்திறன். டவர் கிரேனின் பின்கையில் கான்கிரீட் கட்டிகளை அடுக்கியிருப்பது இதை ஈடுகட்டத்தான்.

லாரியில் ஏற்றி வரும் நடமாடும் கிரேனுக்குப் பின்கை கிடையாது. நான்கு பக்கமும் இரும்புக் கால்களை நீட்டி ஊன்றிக்கொள்ளும். கை ஒரு பக்கமாகத் திரும்பும்போது, மொத்த பாரத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து ஒற்றைக் காலில் போய் இறங்கும். ஒரு காலில் 30 டன் என்று வைப்போம். காலின் அடித்தட்டு 50 சென்டிமீட்டர் சதுரம் என்றால், சதுர மீட்டருக்கு 120 டன் அழுத்தம். அதன் கீழே ஒன்றரை மீட்டர் சதுரமுள்ள பலகையோ இரும்புத் தகடோ போட்டால் 13 டன்னாகக் குறையும்.

பூச்சோங்கில் இந்த 13 டன்னும் சில இடங்களில் அதிகம். காரணம் அந்த ஊரின் வரலாறு. இன்று பண்டார் கின்றாரா என்று அடுக்குமாடிகள் நிற்கும் பக்கமெல்லாம் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டம். நம் பாட்டன் பூட்டன்கள் லயத்து வீடுகளில் இருந்து பால்மரம் வெட்டிய நிலம். கின்றாரா, காசல்ஃபீல்ட் என்று அந்தத் தோட்டங்களின் பெயர் இன்றும் தமிழ்ப்பள்ளிகளில் இருக்கிறது. தோட்டங்களுக்கு அப்பால் வெள்ளீயச் சுரங்கங்கள். ஈயம் எடுப்பவர்கள் மண்ணை நீரில் அலசி, கனமான ஈயமணலை எடுத்துக்கொண்டு, மீதியை விட்டுவிட்டுப் போனார்கள். மணல் ஒரு பக்கம் தங்கியது, நுண்ணிய சேற்றுக் களிமண் பள்ளங்களில் படிந்தது. பல பத்தாண்டுக்குப் பிறகும் அந்தக் களி இறுகவில்லை. மேலே இரண்டு மீட்டர் செம்மண் கொட்டிச் சமன் செய்துவிட்டால் பார்ப்பவருக்குக் கெட்டித் தரைதான். கிரேனின் நான்கு கால்களில் மூன்று மணல்மேல், ஒன்று களிமேல் என்று அமைந்துவிடலாம்.

சாய்வு தொடங்கினால் கதை வேகமாக முடியும். கிரேன் ஒரு பாகை சாய்ந்தாலும், உயரமான கையின் நுனி வெளிப்பக்கம் நகர்கிறது. தூரம் கூடுகிறது, திருப்புத்திறன் கூடுகிறது, அந்தக் கால் இன்னும் புதைகிறது. 2023 ஜனவரியில் தமிழ்நாட்டின் அரக்கோணம் அருகே நெமிலி வட்டாரத்துக் கீழ்வீதி கிராமத்தில், கோயில் திருவிழாவில் ஆட்களைச் சுமந்து நின்ற கிரேன் கவிழ்ந்து 4 பேர் இறந்தார்கள். மேடுபள்ளமான தரை காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. சாமிக்கு மாலை போட ஆட்களைக் கிரேனில் தொங்கவிடும் பழக்கத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேச வேண்டும்.

ஸ்ரீ பெட்டாலிங் தடத்தின் எல்.ஆர்.டி. ரயில் 2016 ஜூன் 30 முதல் பூச்சோங் வழியாகப் புத்ரா ஹைட்ஸ் வரை ஓடுகிறது. நீட்டிப்பின் நீளம் 17.7 கிலோமீட்டர். தூண்களின் மேல் ஓடும் அந்தப் பாதை, கீழே வார்த்து மேலே தூக்கிக் கோத்த கான்கிரீட் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் யாரோ ஒருவர் கீழே இருக்கும் மண்ணையும் மேலே இருக்கும் கயிற்றையும் பார்த்திருக்க வேண்டும்.

நான்கு மணிக் காற்று

காற்று இரண்டு மடங்கு வேகமானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். பத்து சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு தட்டியை, மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய 75 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 72 கிலோமீட்டர் என்றால் 300 கிலோ. தட்டி தொங்குவது கயிற்றில், தள்ளினால் போய்விடும்.

1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு விளையாட்டரங்கத்துக்குக் கூரை ஏற்றினார்கள். 'பிக் புளூ' என்று செல்லப்பெயர் வைத்த ராட்சத கிரேன், 400 டன்னுக்கும் மேலான கூரைத் துண்டு. காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் அடித்தது. கிரேனின் உடல்மீது படும் காற்றைக் கணக்கில் எடுத்தவர்கள், அகன்ற கூரைத் துண்டின்மீது படும் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. கிரேன் ஒடிந்து விழுந்து, பக்கத்தில் இன்னொரு கிரேனின் கூடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழைக்குச் சற்று முன்னால் ஒரு குளிர்ந்த காற்று திடீரென்று அடிக்குமே, அதுவரை ஓர் இலைகூட அசைந்திருக்காது. கீழே நிற்கும் ஆள் வானத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

விரல் சொல்வது

இத்தனையும் பார்த்தாயிற்று. பார்த்ததை அறுபது மீட்டர் மேலே சொல்வது எப்படி?

வலக்கையை மடக்கி நிமிர்த்தி, ஆட்காட்டி விரலை மேல்நோக்கிச் சுழற்றினால், தூக்கு. கையைக் கீழே தொங்கவிட்டு விரலைத் தரை நோக்கிச் சுழற்றினால், இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டி ஒரு திசையைச் சுட்டினால், அந்தப் பக்கம் திருப்பு. ஒரு கையால் சைகை காட்டும்போது இன்னொரு உள்ளங்கையை அதன்மேல் அசையாமல் பிடித்தால், மெதுவாகச் செய். உள்ளங்கை தரையைப் பார்க்க ஒரு கையை நீட்டி முன்னும் பின்னும் அசைத்தால், நிறுத்து. இரண்டு கைகளையும் அப்படி அசைத்தால், இருக்கும் இடத்திலேயே உடனே நிறுத்து.

இவற்றில் ஒன்று வில்லங்கமானது. கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்தினால் கிரேன் மொழியில் 'கையை உயர்த்து', அதாவது கிரேனின் நீண்ட கையை. நாமோ 'சரி பாஸ், ஓகே' என்பதற்குக் கட்டை விரலைத் தூக்கியே பழகியவர்கள். போகிற போக்கில் யாராவது ஓட்டுநருக்குக் கட்டை விரலைக் காட்டினால் அவர் எந்த மொழியில் படிப்பார்? இதனால்தான் சைகை காட்டுபவர் ஒருவராக மட்டுமே இருக்க வேண்டும், அவர் யார் என்று ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவருடைய மேலங்கி மற்றவர்களின் நிறத்தில் இருக்கக் கூடாது.

வாக்கி-டாக்கி இருக்கும்போது கை எதற்கு என்று கேட்கலாம். மறைவுத் தூக்கலுக்கு வாக்கி-டாக்கி இல்லாமல் முடியாது. ஆனால் நம் சைட்டுகளில் வங்காளதேசிகள், இந்தோனேசியர், நேபாளிகள், மியன்மார்காரர்கள், நம்மவர்கள் என்று எல்லாரும் கலந்து நிற்கிறார்கள். பொதுமொழி 'நாயிக்', 'தூருன்', 'பெர்லஹான்' என்று நான்கைந்து மலாய்ச் சொற்கள். கான்கிரீட் பம்பின் இரைச்சலில் அவையும் பாதிதான் காதில் விழும்.

அதனால் வாக்கி-டாக்கிப் பேச்சுக்கும் ஓர் இலக்கணம் வைத்திருக்கிறார்கள். முதலில் என்ன செய்ய வேண்டும், பிறகு எவ்வளவு தூரம், கடைசியில் நிறுத்தம்: "இறக்கு, ஐந்து மீட்டர், மூன்று, இரண்டு, ஒன்று, அரை, நிறுத்து." இடம், வலம் என்றால் ஓட்டுநரின் இடமும் வலமும்தான், பேசுபவருடையது இல்லை. சுமை நகர்ந்துகொண்டிருக்கும்வரை பேச்சு நிற்கக் கூடாது. நின்றால் ஓட்டுநர் கிரேனை நிறுத்திவிடுவார். மின்கலம் தீர்ந்தாலும், பேசியவர் தடுக்கி விழுந்தாலும், வேறு யாராவது அதே அலைவரிசையில் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்தாலும் கிரேன் நின்றுவிடும். மௌனத்துக்கு 'தொடரலாம்' என்று பொருள் கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

யாரும் காட்டக்கூடிய ஒரு சைகை

சைகை காட்ட ஒருவருக்குத்தான் உரிமை என்றேன். 'நிறுத்து' மட்டும் விதிவிலக்கு. அதை யார் காட்டினாலும், துப்புரவு செய்பவரே காட்டினாலும், ஓட்டுநர் கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும். பெல்ட்டில் ஒரு வெட்டு, புதையும் ஒரு கால், தடுப்பைத் தாண்டி உள்ளே வரும் ஒரு மோட்டார் சைக்கிள்: இவற்றை முதலில் யார் பார்ப்பார் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தடுப்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சைகையும் தெரியாது, அதைக் காட்ட வாய்ப்பும் இல்லை. 2016 ஆகஸ்டில் கோலாலம்பூர் ஜாலான் ராஜா சூலானில், கிரேனின் இரும்புக் கொக்கி சாலையில் போன ஒரு காரின்மேல் விழுந்து, உள்ளே இருந்த இளம்பெண் இறந்தார். கிரேனின் கை எங்கெல்லாம் திரும்பக் கூடுமோ அங்கெல்லாம் அதன் கீழே யார் இருக்கிறார்கள் என்பதும் தூக்கல் திட்டத்தின் கணக்கில் வர வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய தூக்கல்களை நள்ளிரவில், பாதையை அடைத்துவிட்டுச் செய்வது அதற்காகத்தான். விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் இதற்காகச் சபிப்பதை நிறுத்தலாம்.

உள்ளே இருப்பவர்களுக்கு இப்போது சட்டத்தின் துணையும் இருக்கிறது. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தன. கிரேன்களுக்கெல்லாம் அடிப்படையாக இருந்த 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அன்றோடு நீக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த 26A பிரிவு, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் உள்ள தொழிலாளி, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம் என்கிறது.

காகிதத்தில் நல்ல பிரிவு. ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர் இரண்டு கைகளையும் நீட்டி ஒரு மணி நேர வேலையை நிறுத்திவிட்டு, கடைசியில் பெல்ட்டில் இருந்தது வெறும் கரிக்கோடு என்று தெரிந்தால், சூப்பர்வைசர் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த முறை அவர் கை மேலே எழுமா என்பது, அந்த முதல் தடவை அவருக்குக் கிடைத்த பதிலைப் பொறுத்தது. காலையில் நடக்கும் 'டூல்பாக்ஸ்' என்ற பாதுகாப்புக் கூட்டத்தில், சமையல்காரர் உட்பட சைட்டுக்குள் வரும் ஒவ்வொருவரையும் ஓட்டுநருக்கு முன்னால் அந்த இரு கைச் சைகையை ஒருமுறை செய்யச் சொல்லலாம். நேற்று வீணாக நிறுத்தியவருக்கு எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்லலாம். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும், செலவு எதுவும் இல்லை.